சாவியைக் கொடுக்கும் முன்: கொழும்பில் முதல்முறை வீடு வாடகைக்கு விடுபவர்களுக்கு

"அக்கா, மோட்டர் ஓடுது, ஆனா தண்ணி மேல ஏறேல்ல."

இரவு ஒன்பதரைக்கு இப்படி ஒரு போன் வரும். வீட்டுக்காரர் வேலை என்பது அந்த நேரத்தில்தான் தொடங்குகிறது. அப்பா இருந்த காலத்தில் வாடகை என்றால் மாதம் பிறந்ததும் ஒரு கடித உறையில் வரும் காசு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் போனபிறகு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டின் மேல்மாடியையும் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னத் தொடர்மாடி வீட்டையும் நானே பார்க்கவேண்டி வந்தது. பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. இப்போது வெளிநாட்டில் இருக்கும் உறவுகளும், ஓய்வூதியப் பணத்தில் வீட்டோடு ஒட்டி ஒரு அனெக்ஸ் கட்டி முடித்த நண்பர்களும் "எப்படி விடுறது, என்ன செய்யவேணும்" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னதை ஒழுங்காக ஒருமுறை எழுதிவைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முதல் ஒன்று. நம் ஆட்கள் வீடு விடுவதில் படும் கஷ்டங்களில் பெரும்பங்கு கூச்சத்தால் வருவது. "தெரிஞ்ச ஆக்கள்தானே, அவையிட்ட போய் அக்ரிமென்ற் கேக்கிறதோ" என்ற கூச்சம். நானும் அதில் விழுந்து எழும்பியவள். தெரிந்தவர்களோடுதான் எல்லாவற்றையும் எழுதவேண்டும், அந்த உறவு கெடாமல் இருப்பதற்காகவே.

முதலில் கணக்குப் போடுங்கள்

மாதம் 80,000 ரூபாய் வாடகை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 960,000. இதை அப்படியே வருமானமாக நினைத்துக் கடன் எடுத்தவர்களை எனக்குத் தெரியும். உண்மையில் நடப்பது வேறு. ஒருவர் போய் மற்றவர் வருவதற்குள் ஒரு மாதமாவது வீடு சும்மா கிடக்கும்: 80,000 போய்விடும். தரகருக்கு உங்கள் பங்காகப் பாதி மாத வாடகை 40,000. தொடர்மாடி என்றால் பராமரிப்புக் கட்டணம் மாதம் 8,000 என்றாலும் வருடத்துக்கு 96,000. பெயின்ற், பைப், பூட்டு, மோட்டர் என்று சராசரியாக 70,000 வையுங்கள். மாநகர சபைக்குக் கட்டும் சோலை வரி 24,000 என்று கொள்வோம். மிஞ்சுவது 650,000. அதாவது கையில் நிற்பது மாதம் 54,000 சொச்சம். உங்கள் வீட்டுக்கான எண்களைப் போட்டு இதே கணக்கை ஒரு கடதாசியில் செய்துபாருங்கள். வங்கித் தவணை அந்த மிச்சத்துக்குள் அடங்கவேண்டும். வாடகைத் தொகைக்குள் அடங்கினால் போதாது.

சோலை வரியில் ஒரு சின்ன இலாபம் உண்டு. வருடம் முழுவதற்குமான தொகையை ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதம் கழிவு கிடைக்கும். காலாண்டுக்கு ஒருமுறை கட்டுவதாக இருந்தால், அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம். ரசீதுகளை எறியாதீர்கள். அவை பின்னால் வேறு தேவைகளுக்கும் உதவும்.

வீட்டைத் தயார் செய்வது

புதுப் பெயின்ற் அடிப்பது கடைசி வேலை. தண்ணீர், மின்சாரம், கசிவு, பூட்டு என்ற வரிசையில் பாருங்கள்.

கொழும்பில் பகலில் பல ஒழுங்கைகளில் குழாய்த் தண்ணீரின் அழுத்தம் குறைந்துவிடும். அதனால்தான் கீழே ஒரு தொட்டியும் கூரையில் ஒரு தாங்கியும் இடையில் ஒரு மோட்டரும் வைத்திருக்கிறோம். மோட்டர் ஓடியும் தண்ணீர் ஏறாவிட்டால் பெரும்பாலும் கீழ்த்தொட்டி வற்றியிருக்கும், அல்லது குழாய்க்குள் காற்று அடைத்திருக்கும். காற்று அடைத்திருந்தால் மோட்டரை நிற்பாட்டி, சுவிட்சையும் அணைத்து, அதன் தலையில் இருக்கும் சிறிய மூடியைக் கழற்றி, தண்ணீர் வழிந்து வரும்வரை ஊற்றி, இறுக்கிப் பூட்டிவிட்டு ஓடவிடவேண்டும். திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் வால்வ் பழுது. இதை வாடகைக்கு வருபவருக்கு முதல் நாளே செய்துகாட்டிவிட்டேன் என்றால் இரவு ஒன்பதரை அழைப்பு பாதியாகக் குறைகிறது. மோட்டர் பக்கத்துச் சுவரில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டியும் வைத்திருக்கிறேன், பழுது பார்க்கிற பாஸ் வந்தாலும் வாசிக்கட்டும் என்று.

மின்சாரத்தில் ட்ரிப் சுவிட்ச்தான் உயிர். அதில் சோதிப்பதற்கென்று ஒரு சிறு பொத்தான் இருக்கும். அமத்தினால் உடனே விழவேண்டும். விழாவிட்டால் வேறெதையும் யோசிக்காமல் மாற்றுங்கள். பழைய வீடுகளில் குளியலறை ஹீற்றருக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று தகுதியுள்ள மின்னியலாளரைக் கொண்டு பார்ப்பியுங்கள். அந்த வீட்டில் குளிக்கப்போவது ஒரு குழந்தையாக இருக்கலாம்.

கடல் பக்கத்து வீடுகளுக்குத் தனிக் கதை. மெரைன் டிரைவுக்கு நெருங்க நெருங்க உப்புக் காற்று இரும்பைத் தின்னும். ஜன்னல் கிரில் வெளியே பளபளவென்று இருக்கும், கையால் அதன் அடிமூலையை அழுத்தினால் பெயின்றுக்குள்ளிருந்து செம்மண் மாதிரித் துரு உதிரும். ஏசி வெளிப்பெட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை வருடம் ஒருமுறை கட்டாயம் பாருங்கள். அது நான்காம் மாடியில் இருந்து விழுந்தால் கீழே ஒழுங்கையில் ஆட்கள் போகிறார்கள். சட்டம் மாற்றும்போது துருப்பிடிக்காத எஃகில் போடுவதுதான் எங்கள் பகுதிக்குச் சரி.

கசிவைப் பற்றி ஒரு அனுபவம். மேல்மாடியில் இருந்த ஒரு குடும்பம், "அக்கா, சுவர் கொஞ்சம் ஈரம்" என்று இரண்டு முறை சொன்னார்கள். மழைக்காலம்தானே, காய்ந்துவிடும் என்று நானும் விட்டுவிட்டேன். மூன்றாம் முறை அந்தத் தாய் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் அலுமாரியைத் தள்ளிக் காட்டினார். பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். அலுமாரியின் அடித்தட்டில் பிள்ளையின் சாதாரண தரப் பாடக் குறிப்புகள், ஓரங்கள் ஊறித் தடித்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. எனக்கு அன்று வீட்டுக்கு வந்தும் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குப் பிறகு கசிவு என்று சொன்னால் அந்த வாரத்துக்குள் ஆள் போகும். குளியலறைத் தரையில் இருந்துதான் இறங்குகிறதா என்று தெரியவேண்டுமானால், வடிகாலை அடைத்து நிறம் கலந்த தண்ணீரைக் கட்டி ஒருநாள் விட்டுப் பாருங்கள். கீழ்ச் சுவரில் அதே நிறம் தெரிந்தால் காரணம் பிடிபட்டுவிடும்.

மீற்றர் விஷயத்தில் புதிதாக அனெக்ஸ் கட்டுபவர்கள் பலர் மிச்சம் பிடிக்கப் பார்த்து மாட்டிக்கொள்கிறார்கள். நம் மின்சாரக் கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் அலகு கூடக்கூட விலை ஏறும் முறையில் இருக்கின்றன. இரண்டு குடும்பம் ஒரே மீற்றரில் இருந்தால் இரண்டு பேரும் மேல்படி விலையில்தான் கட்டவேண்டி வரும். அப்புறம் யார் எவ்வளவு என்று மாதம் மாதம் மனஸ்தாபம். தனி மீற்றர் எடுத்துவிடுங்கள்.

யாருக்கு விடுவது

ஞாயிற்றுக்கிழமை வீரகேசரியில் விளம்பரம், இக்மன் இணையத்தளம், தரகர், கோயிலிலும் கடையிலும் சொல்லிவைப்பது என்று நான்கு வழியும் இன்னும் நடக்கின்றன. தரகர் மூலம் போனால் தரகுத் தொகை யார் எவ்வளவு என்று வீடு காட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

வருபவரிடம் கேட்கவேண்டியவை சில: எங்கே வேலை, எத்தனை பேர் இருப்பீர்கள், இப்போது எங்கே இருக்கிறீர்கள், ஏன் மாறுகிறீர்கள், எவ்வளவு காலத்துக்கு வேண்டும். அடையாள அட்டைப் பிரதியும் வேலைக் கடிதமும் வாங்குங்கள். பழைய வீட்டுக்காரரோடு ஐந்து நிமிடம் கதையுங்கள். பத்துக் கடதாசி சொல்லாததை அந்த ஐந்து நிமிடம் சொல்லும்.

கேட்கக்கூடாதவையும் உண்டு. கொழும்பில் வேலைக்கு வரும் மலையகப் பிள்ளைகள் ஊர்ப் பெயரைச் சொன்னவுடன் "வீடு போட்டுது" என்று சொல்லி அனுப்பப்படுகிறார்கள். தனியாக வேலை செய்யும் பெண்களையும் அப்படித்தான். சமயம் கேட்டு, சாதி மணம் பிடித்து வீடு விடுபவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இது தவறு என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன். எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் ஹட்டன் பக்கத்து மூன்று பிள்ளைகள் நான்கு வருடம் இருந்தார்கள். ஒரு மாதம்கூட வாடகை ஐந்தாம் திகதியைத் தாண்டியதில்லை. மாமிசம் சமைக்கக்கூடாது என்பது உங்கள் வீட்டு வழக்கமானால் அதை விளம்பரத்திலேயே போடுங்கள். வீடு பார்த்துப் பிடித்து, முற்பணமும் புரட்டியபிறகு சொல்லாதீர்கள்.

வருபவர்களுக்கு எது முக்கியம் என்பதையும் அறிந்துவைத்திருங்கள். சின்னப் பிள்ளை உள்ள குடும்பம் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி தேடி வருவது பெரும்பாலும் பாடசாலைக்காக. முதலாம் தர அனுமதிக்கு வசிப்பிடத்தை நிரூபிக்க முந்திய ஐந்து வருட வாக்காளர் இடாப்பும் பதிவு செய்த உறுதிப் பத்திரமும் பார்க்கப்படும். அதனால்தான் அவர்கள் "நொத்தாரிசு அக்ரிமென்ற் தருவியளோ, கிராம சேவகரிட்ட பதியலாமோ" என்று கேட்கிறார்கள். (நொத்தாரிசு என்பவர் உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்த அதிகாரம் உள்ளவர்.) பதிந்தால் வீடு போய்விடும் என்ற பயம் நம் பெரியவர்களுக்கு இருக்கிறது. வாக்காளர் இடாப்பில் பெயர் இருப்பதால் வீட்டின் உரிமை மாறாது. நிம்மதியாகப் பதியவிடுங்கள்.

எழுத்தில் போடுவது

இந்தப் பகுதியை அவசரப்படாமல் வாசியுங்கள்.

தமிழில் இணையத்தில் வரும் வாடகை ஆலோசனைகளில் பல இந்தியாவுக்கானவை. அங்கே பதினொரு மாத ஒப்பந்தம் என்று சொல்வதைப் பார்த்து இங்கேயும் பதினொரு மாதத்துக்கு ஒரு கடதாசியில் எழுதிக் கையெழுத்து வைக்கிறார்கள். நம் நாட்டில் நிலைமை வேறு. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படவேண்டும். வெறும் கடதாசியில் இரண்டு வருடம் என்று எழுதினாலும் அது மாதாந்த வாடகையாகவே பார்க்கப்படும் வாய்ப்பு அதிகம். இரண்டு வருடம் என்ற உத்தரவாதம் உங்களுக்கும் இல்லை, அவருக்கும் இல்லை.

நொத்தாரிசு உறுதிக்கு இன்னொரு பெரிய பலன் 2023 இல் வந்தது. குத்தகைக்குக் கொடுத்த வளாகங்களின் உடைமையை மீளப் பெறுவதற்கான 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம், நொத்தாரிசு குத்தகை உள்ள வீட்டுக்காரருக்கு மாவட்ட நீதிமன்றத்தில் விரைவான நடைமுறையைத் தருகிறது. அதற்கு முன்பு வெளியேற்ற வழக்கு என்றால் வருடக்கணக்கு. கடதாசி ஒப்பந்தத்தோடு இருப்பவருக்கு இன்றும் அந்த நீண்ட வழிதான்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். முத்திரைத் தீர்வை குத்தகைக் காலம் முழுவதற்குமான வாடகையில் கணக்கிடப்படும். 2025 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் 20 ரூபாய், அதற்கு முன் 10 ஆக இருந்தது. மாதம் 80,000 படி இரண்டு வருடம் என்றால் மொத்தம் 1,920,000. அதற்கு முத்திரைத் தீர்வை 38,400. நொத்தாரிசுக் கட்டணம் வேறு. இரண்டு பேரும் பாதிப்பாதி போடுவது நியாயம் என்பது என் எண்ணம், ஏனென்றால் பாதுகாப்பு இரண்டு பேருக்கும்தான். உறுதி எழுதியபின் காணிப் பதிவகத்தில் பதிந்த பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

உறுதியில் என்ன இருக்கவேண்டும் என்பதை நொத்தாரிசு பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். அவர் வழக்கமான வசனங்களைப் போடுவார். உங்கள் வீட்டுக்கான வசனங்களை நீங்கள்தான் சொல்லவேண்டும். முக்கியமாக முற்பணம். கொழும்பில் அட்வான்ஸ், டிபொசிட், கீ மணி என்று மூன்று சொல்லையும் ஒன்றோடொன்று குழப்பிப் பேசுவோம். ஆறு மாதக் காசு வாங்கினீர்கள் என்றால், அதில் எவ்வளவு மாதாமாதம் வாடகையில் கழியும் முற்பணம், எவ்வளவு போகும்போது திருப்பிக் கொடுக்கும் வைப்பு என்று தனித்தனியாக எழுதுங்கள். வைப்பில் எதற்காகக் கழிக்கலாம், எத்தனை நாளில் திருப்பிக் கொடுப்பீர்கள் என்பதும் வேண்டும். வைப்புப் பணத்தை ஒரு தனிக் கணக்கில் போட்டுவிட்டுத் தொடாமல் இருங்கள். அது உங்கள் காசல்ல.

வாடகை எப்போது கூடும் என்பதும் எழுதப்படவேண்டும். 2021 கடைசியில் இரண்டு வருடத்துக்கு ஒரே வாடகை என்று எழுதிய ஒப்பந்தம் ஒன்று எங்களிடம் இருந்தது. 2022 இல் ரூபா சரிந்து, செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதமானது. அந்த வாடகையில் ஒரு மோட்டர் மாற்றினாலே ஒரு மாதம் போய்விட்டது. ஆனால் எழுதியது எழுதியதுதான். வாடகைக்கு இருந்தவர்களும் எரிபொருள் வரிசையில் நின்று, சம்பளம் போதாமல் தவித்த காலம் அது. இப்போது இரண்டாம் வருடத்தில் 10 வீதம் கூடும் என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன். இரண்டு பக்கமும் தயாராக இருக்கலாம்.

அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள்: எந்தப் பழுது யாருடையது (சுவர், கூரை, குழாய், வயரிங் என்னுடையது, பல்ப், குழாய் வோஷர் அவருடையது என்று நான் பிரிப்பேன்), மேல்வாடகைக்கு விடக்கூடாது, வாகனம் எங்கே நிற்கும், எந்தப் பக்கம் எத்தனை மாத முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும். இவை இருந்தால் போதும்.

தொடர்மாடி என்றால் இன்னொரு படி. 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின் கீழ் பதிவான கட்டடங்களில் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஒன்று இருக்கும். அதன் விதிகளின் பிரதியை வாங்கி வாடகைக்கு வருபவரிடம் கொடுங்கள். பராமரிப்புக் கட்டணத்தை அவர் கட்டுவதாக ஒப்பந்தத்தில் இருந்தாலும், அவர் கட்டாமல் விட்டால் கூட்டுத்தாபனம் உங்களைத்தான் கேட்கும்.

பழைய வீடு ஒன்றை, ஏற்கெனவே ஆள் இருக்கும் நிலையில் வாங்கப்போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் இன்னும் சில பழைய வீடுகளுக்குப் பொருந்தும். அப்படியான வீட்டில் நினைத்தபடி வாடகையைக் கூட்டவோ ஆளை எழுப்பவோ முடியாது. வாங்க முன் ஒரு சட்டத்தரணியிடம் அந்தக் குடியிருப்பின் வரலாற்றைக் காட்டிக் கேளுங்கள்.

சாவி கொடுக்கும் நாள்

நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சுவார்கள். அதற்கு முதல் நாள் பின்னேரம் இரண்டு பேருமாக வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். போனில் வீடியோ எடுத்தபடி ஒவ்வொரு அறையாக: கதவு, பூட்டு, குழாய் திறந்து மூடுவது, கொமட்டில் தண்ணீர் அடித்துப் பார்ப்பது, ஏசி ஓடுவது, சுவரில் ஏற்கெனவே இருக்கும் கீறல். மின்சார மீற்றரையும் தண்ணீர் மீற்றரையும் எண் தெரியும்படி படம் எடுத்து அவருக்கும் வட்சப்பில் அனுப்புங்கள். பில்லில் பழைய நிலுவை இருந்தால் அன்றே கட்டித் தீருங்கள். எத்தனை சாவி கொடுத்தீர்கள் என்று எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். மொத்தம் முக்கால் மணி நேர வேலை.

வாடகையை வங்கிக்குப் போடச் சொல்லுங்கள். கையில் வாங்கினால் ரசீது கொடுங்கள், தெரிந்தவர் என்றாலும்.

மாதங்கள் ஓடும்போது

வீடு உங்களுடையதுதான். ஆனால் அதற்குள் ஒரு குடும்பம் வாழ்கிறது. பூச்செடிக்குத் தண்ணீர் விட வந்தேன், மாங்காய் பிடுங்க வந்தேன் என்று கேட் திறந்து போகாதீர்கள். போக முன் கதைத்துவிட்டுப் போங்கள். கீழே வீட்டுக்காரரும் மேலே வாடகைக்காரருமாக இருக்கும் வெள்ளவத்தை வீடுகளில் இது இன்னும் முக்கியம். யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று யன்னலில் நின்று கணக்கெடுப்பது அவர்களுக்குத் தெரியும், மனம் நோகும்.

பழுது வந்தால் செய்துகொடுக்க நம்பகமான மூன்று பேர் வேண்டும்: பைப் பாஸ், மின்னியலாளர், மேசன். இவர்களோடு உறவு வைத்திருப்பது வங்கிக் கணக்கு வைத்திருப்பது போலத்தான். சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு கிழமை முன்பே கொழும்பில் பாஸ்மார் ஊருக்குப் போய்விடுவார்கள், திரும்பிவரப் பத்து நாளாவது ஆகும். மார்ச் மாதத்திலேயே தாங்கி, மோட்டர், வடிகால் மூன்றையும் பார்த்துவிடுவது என் வழக்கம்.

டெங்கு விஷயத்தில் அசட்டை வேண்டாம். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ், வளவில் குடம்பி இருந்தால் வழக்குப் போடலாம். பூச்சாடித் தட்டு வாடகைக்கு இருப்பவரின் பொறுப்பு என்று சொல்லலாம். கூரைப் பீலியும் தாங்கி மூடியும் உங்கள் பொறுப்பு. வீடு சும்மா கிடக்கும் மாதத்தில்தான் பயம் அதிகம், கொமட்டில் நிற்கும் தண்ணீரைக்கூட வாரம் ஒருமுறை அடித்துவிடுங்கள்.

பொலிஸ் பதிவு பற்றிக் கேட்பார்கள். வீட்டில் இருப்பவர்களின் விபரப் படிவம் சில காலங்களில் பொலிஸ் நிலையத்தில் இருந்து வரும். நமக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே நெஞ்சு ஒருகணம் நின்றுபோகும். 2007 ஜூன் 7 அதிகாலை கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பியதும், மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து இடைக்கால உத்தரவு போட்டதும் நாங்கள் கண்டவை. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து வீடு கேட்கும் ஒரு பிள்ளையிடம் அந்தப் படிவத்தை நீட்டும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என்ன படிவம், எதற்கு என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். நிரப்பியதன் பிரதி ஒன்றை அவர்களிடமும் கொடுங்கள்.

வாடகை நின்றால்

தெரிந்த ஒருவரின் சிபாரிசில், எழுத்து ஒன்றும் இல்லாமல் ஒருவருக்கு வீடு கொடுத்தேன். 2022 நடுவில் வாடகை நின்றது. முதல் மாதம் நான் கேட்கவில்லை. இரண்டாம் மாதம் "அடுத்த மாதம் சேர்த்துத் தாறன் அக்கா" என்றார். மூன்றாம் மாதத்தில் அவர் போன் எடுக்கவில்லை, நான் போகவும் கூச்சப்பட்டேன். ஐந்தாம் மாதம் போனபோது அவர் அழுதார். வேலை போய்விட்டது, ஊருக்குப் போகவும் முகம் இல்லை. முதல் மாதமே உட்கார்ந்து கதைத்திருந்தால் சிறிய வீட்டுக்கு மாறியிருப்பார், எனக்கும் ஐந்து மாதம் போயிருக்காது. என் கூச்சத்தால் இரண்டு பேரும் கெட்டோம்.

அதனால் இப்போது வாடகை பத்தாம் திகதி தாண்டினால் நேரே போய்க் கதைப்பேன், கோபம் இல்லாமல். கஷ்டம் உண்மையென்றால் தவணை போட்டு எழுதிக்கொள்வோம். இரண்டு மாதம் தாண்டினால் சட்டத்தரணி மூலம் எழுத்தில் அறிவித்தல். மாதாந்த வாடகையாக, வாடகைச் சட்டத்துக்கு உட்படாத வீடாக இருந்தால், மாத முடிவோடு முடியும்படி ஒரு மாத முன்னறிவித்தல் வேண்டும். நொத்தாரிசு உறுதி இருந்தால் அதில் எழுதியபடி.

செய்யவே கூடாதது: பூட்டை மாற்றுவது, தண்ணீரையோ கரண்டையோ வெட்டுவது, சாமானைத் தூக்கி வெளியில் வைப்பது. சட்டமும் அதற்கு இடம் கொடுக்காது. 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ், முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை நீதிமன்றம் திரும்ப உள்ளே விடலாம். வாடகையும் இல்லாமல், வழக்கிலும் தோற்று நிற்பீர்கள்.

வாடகை வாங்காமல் உறவினரை இருக்கவிட்டு வெளிநாடு போனவர்களுக்கும் ஒரு சொல். பத்து வருடம் தொடர்ந்து ஆண்டால் உரிமை கோரலாம் என்பது 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தில் உள்ள விஷயம். அனுமதியோடு இருப்பவர் அதை இலகுவில் கோரமுடியாது. ஆனால் அனுமதி என்று காட்ட உங்களிடம் ஒரு எழுத்தாவது இருக்கவேண்டும். உங்களுக்குப் பதிலாகச் செயற்படும் அதிகாரத்தை ஒருவருக்கு அற்றோணி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாலும், அதில் வாடகைக்கு விடும் அதிகாரமும் வழக்காடும் அதிகாரமும் தெளிவாக இருக்கிறதா, பதியப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

வரி

சுருக்கமாகச் சொல்கிறேன். வாடகை வருமானம், வருமான வரிக்கு உட்பட்டது. வரி வருடம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. தனியாள் ஒருவருக்கு வாடகை வருமானத்தில் 25 வீதம் பராமரிப்புக்கான நிவாரணமாகக் கழிக்கலாம், ரசீது காட்டவேண்டியதில்லை. 2025 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 1,800,000 ரூபாய் தனிநபர் நிவாரணமும் உண்டு. மேலே சொன்ன 960,000 தவிர வேறு வருமானம் இல்லாதவருக்கு வரி வராது. சம்பளமோ நிலையான வைப்பு வட்டியோ சேர்ந்தால் எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்க்கவேண்டும். கம்பனி ஒன்று வீட்டை எடுத்து, மாத வாடகை 100,000 ரூபாயைத் தாண்டினால், அவர்கள் 10 வீதத்தைப் பிடித்து இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டிவிட்டு மிச்சத்தைத்தான் தருவார்கள். அதற்கான சான்றிதழை வாங்கி வைத்திருந்து, உங்கள் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். வரி விபரத்திரட்டு கொடுக்கக் கடைசி நாள் நவம்பர் 30.

போகும் நாள்

சாவி கொடுத்த நாள் எடுத்த வீடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு, அதே வரிசையில் மீண்டும் சுற்றி வாருங்கள். நாலு வருடம் இருந்த சுவரில் ஆணித் துளையும் கைபட்ட அழுக்கும் இருக்கத்தான் செய்யும். அது வாழ்ந்த தடம், அதற்குப் பணம் பிடிப்பது அழகில்லை. உடைந்த பேசின், எரிந்த ஏசிப் பலகை போன்றவற்றுக்கு பாஸின் சிட்டையைக் காட்டிவிட்டுக் கழியுங்கள். மீற்றரைப் படம் எடுத்து, கடைசி பில்லுக்கான தொகையைக் கணக்கிட்டு, மிச்ச வைப்பைச் சொன்ன நாளுக்குள் வங்கியில் போடுங்கள். எங்கள் வழக்கம் ஏழு நாள்.

ஹட்டன் பிள்ளைகள் போனபோது அடுப்படியைக் கழுவித் துடைத்து, மூன்று சாவியையும் ஒரு வளையத்தில் கோர்த்து மேசையில் வைத்திருந்தார்கள். அதில் ஒன்று இரண்டாம் வருடம் தொலைந்துபோய், அவர்களே செய்வித்த புதுச் சாவி என்று ஒரு துண்டில் எழுதியும் வைத்திருந்தார்கள். நான் அன்று பின்னேரமே பூட்டின் உள்பகுதியை மாற்றினேன். அடுத்து வந்த குடும்பத்தில் ஒரு கைக்குழந்தை இருந்தது.